ஹென்னி சொன்ன கணக்கு

அன்று காலை என் வீட்டுக்காரர் டினார்ட்டே இரண்டு முறை போன் செய்தார். இரண்டு முறையும் நான் எடுக்காமல் துண்டித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு யார் மேல் என்று கடைசி வரை இழுத்தடித்துக் கதை சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. தப்பு என் மேல்தான்.

கோபம் வேறொன்றுமில்லை. வெனிசுவேலாவில் இருக்கும் அவருடைய தங்கை மூன்று பிள்ளைகளோடு கோடை முழுக்க எங்கள் வீட்டில் வந்து தங்கலாம் என்று டினார்ட்டே வாக்குக் கொடுத்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தின நாள் சாப்பாட்டு மேசையில், உப்பை எடு என்று சொல்வதுபோலச் சொன்னார். இருப்பதே இரண்டு அறை. ஆறு பேருக்குச் சமைப்பது யார், அவரா? அதனால் காலையில் போன் அடித்தபோது சமாதானம் பேசத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கிடக்கட்டும், கொஞ்சம் வேகட்டும் என்று விட்டேன்.

எனக்குத் தொழில் ஜீப் ஓட்டுவது. கூரையைத் திறந்தால் பின்னால் இருப்பவர்கள் எழுந்து நின்று மலையைப் பார்க்கலாம், அந்த மாதிரி, வலது பக்கம் ஸ்டியரிங் உள்ள பழைய ஜீப். காலையில் ஃபுன்ஷால் நகரத்தில் நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு, மண் பாதைகளில் தீவைச் சுற்றிக் காட்டிவிட்டு மாலையில் கொண்டுவந்து விடுவேன். டினார்ட்டேக்கு வாய்க்கால் வேலை. மலையின் இடுப்போடு ஒட்டி மைல் கணக்கில் ஓடும் வாய்க்காலை நடந்து பார்ப்பது, குப்பையை வாருவது, மடை திறந்து ஊர்களுக்கு முறைப்படி தண்ணீர் விடுவது. வாய்க்காலில் ஏதாவது கோளாறு என்றால் அவர் எனக்குத்தான் சொல்வார், நான் மற்ற ஓட்டுநர்களுக்கு வயர்லெஸ்ஸில் சொல்வேன். யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடில்லை. ஒன்பது வருடமாக அப்படியே நடந்து வருகிறது, அதனால் வேறு யாருக்கும் அவர் கூப்பிடுவதுமில்லை.

அன்று வண்டியில் நாலு பேர். நார்வேயிலிருந்து ஈவார், சில்யே என்று புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. ஹாலந்திலிருந்து ஷூர்ட், ஹென்னி என்று எழுபதைத் தாண்டிய ஒரு ஜோடி. மார்ச் மாதம். மூன்று நாளாகப் பெய்த மழை அன்றுதான் விட்டிருந்தது. எங்குமியாடா கணவாய்க்கு மேலே மேகம் படுத்துக் கிடந்தது.

பத்து நாற்பதுக்கு வாய்க்கால் நடைபாதை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். பயணிகள் அங்கே இறங்கி, வாய்க்கால் ஓரமாகவே நடந்து, ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து மலைக்கு அந்தப் பக்கம் வெளியே வருவார்கள். நல்ல நடையாக நடந்தால் முக்கால் மணி நேரம். ஓட்டுநர் மலையைச் சுற்றிக்கொண்டு போய் மறுமுனையில் காத்திருப்பார். ஓட்டுநரும் கூடவே நடக்க வேண்டும் என்றுதான் விதி. ஆனால் பிறகு யார் திரும்பி வந்து வண்டியை எடுப்பது? இந்தத் தீவில் நாங்கள் எல்லோரும் சுற்றிக்கொண்டுதான் போகிறோம்.

வாய்க்காலில் தண்ணீர் குறைவாக இருந்தது. வழக்கமாக முழங்காலுக்கு ஓடும். அன்று கணுக்கால் கூட நனையாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். தண்ணீர் நிறைய ஓடினால் சுரங்கத்துக்குள் நடைபாதை மேலே வழியும், பயணிகளின் காலணி நனையும், மத்தியானம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார்கள்.

"உங்களுக்கு யோகம்தான். இன்னிக்குத் தண்ணி கம்மி. ஷூ நனையாம போயிடலாம்" என்று சொல்லி ஆளுக்கொரு டார்ச் கொடுத்தேன்.

ஹென்னிக்கு முழங்கால் சரியில்லை. "நான் வண்டியிலயே வர்றேம்மா. அவர் போகட்டும், ரொம்ப ஆசைப்பட்டார்" என்றாள். ஷூர்ட் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, விடுமுறை விட்ட பள்ளிப்பிள்ளை மாதிரி அந்த ஜோடிக்குப் பின்னால் போனார். அவர் இருக்கிற உயரத்துக்குச் சுரங்கத்தில் குனிந்தே நடக்க வேண்டியிருக்குமே என்று நினைத்துக்கொண்டேன்.

ஹென்னி முன் இருக்கைக்கு வந்தாள். ஊர்க்கதை பேசிக்கொண்டே போனோம். கால் மணி நேரம் போயிருக்கும். சாலை வாய்க்காலைக் கடக்கிற இடம் வந்தது. வாய்க்கால் மேலே மலையிலிருந்து வந்து, அங்கே சாலைக்குக் கீழே நுழைந்து, நாங்கள் வந்த பக்கம் போகும். பழக்கத்தில் எட்டிப் பார்த்தேன்.

வாய்க்காலில் தண்ணீரே இல்லை. ஈரப்பாசி மட்டும். அதில் ஒரு சின்ன மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

பிரேக்கை மிதித்தேன். தண்ணீர் குறையவில்லை, நின்றுபோயிருக்கிறது. மூன்று நாள் மழையில் மேலே எங்கோ மலை சரிந்து வாய்க்காலை அடைத்திருக்கிறது. அடைப்புக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிடத்தான் டினார்ட்டே போயிருப்பார். அதைச் சொல்லத்தான் காலையில் கூப்பிட்டார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. நான் பேசாவிட்டாலும் இரண்டு அழைப்பைப் பார்த்தாலே விஷயம் புரிந்து சுரங்கப் பக்கம் ஆளை விடமாட்டேன் என்று நம்பியிருப்பார். நியாயமான நம்பிக்கைதான். ஒன்பது வருடத்தில் வேலை நேரத்தில் வேறு எதற்கும் அவர் கூப்பிட்டதில்லையே!

அடைப்பை எடுத்தால் தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கும். வெளியே என்றால் வாய்க்கால் கரையைத் தாண்டிப் பள்ளத்தில் கொட்டிவிடும். சுரங்கத்துக்குள் எங்கே கொட்டும்? போன வருடம் ஒரு ஆட்டை அப்படித்தான் இழுத்துக்கொண்டு போய் மறுமுனையில் துப்பியது.

"என்னாச்சு? முகமே சரியில்லையே" என்றாள் ஹென்னி.

மறைக்க எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். போனைத் துண்டித்ததையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து அம்பத்தஞ்சு. அவங்க இப்போ எங்க இருப்பாங்க?"

"சுரங்க வாசல் கிட்ட. இல்ல, உள்ளே போயிருப்பாங்க."

டினார்ட்டேயைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. தண்ணீரில் இறங்கும்போது போனை வண்டியில் வைத்துவிடுவார். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன். மலைக்கு இந்தப் பக்கம் அன்று நான் ஒருத்திதான், இரைச்சல் மட்டும் வந்தது. தீயணைப்புக்காரர்கள் கீழேயிருந்து ஏறி வர முக்கால் மணி நேரம் ஆகும். மறுமுனைக்கு நான் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம். திரும்பிப் போய் அவர்கள் பின்னால் ஓடினாலும் அதே கதைதான். அடைப்பு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். மழை பெய்தால் சரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான், ஓடை வந்து வாய்க்காலில் சேரும் மூலை. காட்டுப் பாதையில் ஏறினால் பத்து நிமிடம். அந்தப் பாதைக்குக் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும்.

"பிடிச்சுக்கோங்கம்மா" என்றேன்.

சங்கிலியின் மேல் நேராகவே விட்டேன். ஈர மண்ணில் நட்ட கம்பம், பிடுங்கிக்கொண்டு கூடவே வந்தது. கொஞ்ச தூரம் கடகடவென்று எங்களுக்குப் பின்னால் இழுபட்டு, எங்கோ கழன்று விழுந்தது.

பாதை முழுக்கச் செம்மண் சேறு. வலது பக்கம் மலை, இடது பக்கம் வெறும் மேகம். மேகத்துக்குக் கீழே எத்தனை அடி என்று எனக்குத் தெரியும், ஹென்னிக்குத் தெரியாது. இரண்டாவது வளைவில் பாதையில் பாதியைக் காணோம், மழை தின்றுவிட்டிருந்தது. நிறுத்தி யோசித்தால் பயம் வந்துவிடும் என்று நிறுத்தவில்லை. வலது சக்கரங்களை மலைச்சரிவில் ஏற்றினேன். வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது.

"என் பக்கம் வாங்க! மேல, என் மேலயே சாயுங்க!"

அவள் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். என் தோளைக் கட்டிக்கொண்டு முழு பாரத்தையும் என் மேல் போட்டாள். "படகு சாஞ்சா நாங்க இப்படித்தான் உட்காருவோம். நீ ஓட்டு" என்றாள். பின்சக்கரம் ஒன்று காற்றில் சுற்றுவது எனக்குக் காலில் தெரிந்தது. பிறகு அது மண்ணைப் பிடித்தது. மாதாவே, அந்த வண்டிக்கு நான் செய்யாத பூசை இல்லை, அன்றைக்கு அது என்னைக் கைவிடவில்லை.

பதினொன்று ஐந்துக்குப் பாதை முடிந்தது. அதற்கு மேல் நடைதான். கீழே நூறு அடி தூரத்தில் டினார்ட்டே தெரிந்தார். வாய்க்காலுக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு குளமே கட்டி நின்றது. சரிந்து விழுந்த மண்ணையும் கல்லையும் பெரும்பாலும் வாரி எறிந்திருந்தார். வாய்க்காலின் வாயை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு பாறை மீதி இருந்தது. அதற்கடியில் கடப்பாரையைக் கொடுத்திருந்தார்.

ஹாரனை அழுத்தினேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

பார்த்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? முதுகைத் திருப்பிக்கொண்டார்! சண்டை போட மலையேறி வந்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார் மனிதர்.

"யோவ்! விடாதே! ஆள் இருக்கு உள்ளே!" ஓடை இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சேற்றில் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு இறங்கினேன். அவர் கடப்பாரையின் மேல் எம்பினார். பாறை அசைந்தது.

"டனலுக்குள்ள ஆள் இருக்குய்யா!"

இந்தத் தடவை கேட்டுவிட்டது. கடப்பாரையை விட்டார். ஆனால் பாறை பாதி பெயர்ந்துவிட்டது. பின்னாலிருந்து தண்ணீர் தள்ளத் தள்ள அது நகர்ந்தது. டினார்ட்டே ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. பாறைக்கு முன்னால் குதித்து, முதுகை அதன் மேல் கொடுத்து, இரண்டு காலையும் வாய்க்கால் சுவரில் உதைத்துக்கொண்டார். நானும் குதித்தேன். அவர் பக்கத்தில் முதுகைக் கொடுத்தேன். பாறையின் மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் தண்ணீர் எங்கள் தலையில் கொட்டியது. பனிக்கட்டி உருகின மாதிரித் தண்ணீர், மூச்சே நின்றுவிட்டது எனக்கு.

"யாரு உள்ளே?" என்றார்.

"மூணு பேர். ரெண்டு இளசு, ஒரு பெரியவர்."

"எத்தனை மணிக்கு விட்டே?"

"பத்து நாப்பது."

"போன் பண்ணினேனேடி!"

"எடுக்கலை. போதுமா? எடுக்கலை! நான்தான் காரணம், இப்போ திட்டாதே!"

"எப்பத் திட்டுறது பின்னே? அந்த மதகைத் திறந்தா பள்ளத்துல விட்டுடலாம். அதுவும் மண்ணுக்கடியில கிடக்கு." பக்க மதகின் தலை மட்டும் சேற்றில் தெரிந்தது. அதைத் தோண்டி எடுக்கப் பகல் முழுக்க வேண்டும்.

நான் வெளியே ஏறி, கையில் கிடைத்த கல்லையெல்லாம் பாறைக்கு முன்னால் உருட்டிப் போட்டேன். போடப் போடத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிற்று. என் பாரம் இல்லாமல் பாறை மறுபடி ஒரு விரல்கடை நகர்ந்தது. டினார்ட்டே வலியில் கத்தினார். கல்லை விட்டுவிட்டு மறுபடி இறங்கி முதுகைக் கொடுத்தேன்.

ஹென்னி ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு எப்படியோ கீழே வந்து சேர்ந்திருந்தாள். எங்களுக்கு எதிரில், கரையில் நின்றாள்.

"இங்கேயிருந்து தண்ணி அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"இருபது நிமிஷம். டனல் வாசலுக்கு இருபது நிமிஷம்" என்றார் டினார்ட்டே. இதில் அவர் பிசகமாட்டார். "பெரியவர் எப்படி நடப்பார்?"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி பதினொன்னு எட்டு" என்றாள்.

"மெதுவா நடக்கிறவர்னா பதினொன்னரை வரைக்கும் பிடிக்கணும். பிடிப்போம்" என்றார் டினார்ட்டே.

பிடித்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்திலும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. "தங்கச்சி வர்றது உனக்குப் பிடிக்கலைன்னா நேரா சொல்ல வேண்டியதுதானே."

"கேட்டாத்தானே சொல்றதுக்கு! கேட்டியா நீ?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே."

"சொல்லமாட்டேன்யா. நாலு நாள் முறைச்சிட்டு சரின்னுதான் சொல்லியிருப்பேன். உனக்குத் தெரியாதா என்னை?"

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நடுக்கமாக மாறிப்போனது. அவர் காலை எட்டரையிலிருந்து தண்ணீரில் நிற்கிறார், நான் இப்போதுதான் இறங்கியவள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். உதடு கத்தரிப்பூ நிறமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்கமும் நின்றுவிட்டது. நடுக்கம் நிற்பது நல்லதற்கில்லை என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"டினார்ட்டே, நீ மேல ஏறு. நான் பிடிச்சுக்கறேன்."

"நீ கோழி கனம் கூட இல்ல. ஆள் இருந்தா விடமாட்டேன்." நாக்கு குழறியது. "ஆள்... இல்லைன்னு சொல்லட்டும். அப்புறம் விடறேன்."

தலை ஒரு பக்கம் தொங்கியது. கன்னத்தில் அறைந்தேன். கண்ணைத் திறந்தார், கால் உதைப்பை மட்டும் தளர்த்தவில்லை. அந்தப் பிடிவாதத்தோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எனக்குத் தெரியும், அங்கேயே செத்தாலும் சாவாரே தவிர விடமாட்டார். எனக்கு அழுகை வந்தது. இங்கே ஒரு உயிர் போய்க்கொண்டிருந்தது. அங்கே இருட்டுக்குள் மூன்று. எதை விடுவது என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை.

"நேரமாச்சு. விடுங்க" என்றாள் ஹென்னி.

"மணி என்ன?" என்றேன்.

"பதினொன்னு பதினேழு. போதும். இளசுங்க இப்போ வெளியே வந்துட்டிருக்கும். ஷூர்ட் அவங்களை விட வேகம். தினமும் விடியக்காலையில ஓடுற மனுஷன். தண்ணி போறதுக்குள்ள வெளியே நின்னு பழம் தின்னுட்டு இருப்பார். விடுங்க தம்பி."

டினார்ட்டே அவளைப் பார்த்தார். "நிச்சயமா?"

"அம்பது வருஷமா கூட இருக்கேன். எனக்குத் தெரியாதா? விடுங்க."

அவள் குரலில் ஒரு பிசிறு இல்லை. டினார்ட்டே காலை மடக்கினார். அவரை இடுப்போடு பிடித்து நான் பக்கத்துக் கரையில் தள்ளிவிட்டு நானும் ஏறினேன், ஹென்னி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். பாறை உருண்டது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு குளம் மொத்தமும் எங்கள் காலடியில் பாய்ந்து போனது. அந்தச் சத்தத்தை நான் மறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

அவரை இழுத்துக்கொண்டும் தூக்கிக்கொண்டும் வண்டிக்குக் கொண்டுவந்தோம். ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டுப் போர்வையைச் சுற்றினோம். ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டு, பாதி இடிந்த வளைவுக்கு முன்பே பிரிந்து மலையின் அந்தப் பக்கம் இறங்கும் பாதையில் விட்டேன். சுரங்கத்தின் மறுமுனைக்குப் பக்கத்தில் ஒரு சாராயக்கடை இருக்கிறது, அங்கே எப்போதும் அடுப்பு எரியும். ஹென்னி பின்னால் உட்கார்ந்து அவருடைய கைகளைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் பார்த்தேன், அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. செபம் செய்கிறாளா, நிமிடம் எண்ணுகிறாளா என்று தெரியவில்லை.

பதினொன்று முப்பத்துமூன்றுக்கு மறுமுனைக்கு வந்தோம். ஈவாரும் சில்யேயும் சுவரில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

"பெரியவர் எங்கே?"

"பின்னாடி வர்றார். பாதி வழியில பாசியைப் போட்டோ எடுக்கணும்னு நின்னுட்டார். எங்களைப் போகச் சொன்னார்" என்றான் ஈவார்.

நான் திரும்பி ஹென்னியைப் பார்த்தேன். அவள் அதற்குள் வண்டியிலிருந்து இறங்கி, அந்த முழங்காலோடு சுரங்க வாசலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

அவளைத் தாண்டிக்கொண்டு ஓடினேன். டார்ச் வெளிச்சத்தில் ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் வெறும் வாய்க்கால், நடுவே ஒன்றரை அடி அகலப் பாதை. தலையில் இரண்டு தடவை இடித்தது. "ஷூர்ட்! ஷூர்ட்!" என்று கத்திக்கொண்டே போனேன். முந்நூறு நானூறு எட்டு போயிருப்பேன், தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. மனிதர் குந்தி உட்கார்ந்து சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அடடே, சுல்மிரா! இங்க வந்து இதைப் பாருங்க, எவ்வளவு அழகா..."

"எழுந்திரிங்க! ஓடுங்க!"

கையைப் பிடித்து இழுத்தேன். அந்த உயரத்துக்கு அவரால் நிமிர முடியவில்லை, குனிந்தபடி தடுமாறிக்கொண்டே வந்தார். "என்னம்மா, என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அப்போது முதுகில் காற்று பட்டது. அந்தச் சுரங்கத்தில் காற்று வீசி நான் பார்த்ததே இல்லை. தண்ணீர்தான் அதை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. அவரும் புரிந்துகொண்டார், பிறகு ஒரு கேள்வி கேட்கவில்லை.

வாசல் வெளிச்சம் ஒரு தட்டளவு தெரிந்தபோது தண்ணீர் கணுக்காலைப் பிடித்தது. நாலு எட்டு வைப்பதற்குள் முழங்கால். பிறகு தொடை. சுவரோரம் இருந்த கம்பிக்கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டேன், மறுகையில் அவர் மணிக்கட்டு. அவர் கால் பறிபோனது. முழு ஆளும் தண்ணீரில் நீண்டு, என் கையில் தொங்கினார். கம்பி என் உள்ளங்கையை அறுத்தது. விட்டுவிடுவேன் என்றுதான் நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். ஈவார் வாசலிலிருந்து உள்ளே வந்து அவருடைய இன்னொரு கையைப் பிடிக்காவிட்டால் விட்டிருப்பேன்.

வெளியே புல்லில் கிடந்தோம். ஒரு காலணியும் கேமராவும் போயிருந்தன. ஷூர்ட் இருமினார், நடுங்கினார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஹென்னி எப்பவும் திட்டுவா. எல்லாரும் அரைமணி நேரத்துல நடக்கிறதை நான் ஒன்றரை மணி நேரம் நடப்பேன்னு. அம்பது வருஷமா இதே திட்டு. நாய்கூட என்னோட வராதும்மா!"

ஹென்னி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈரமுடியைத் துடைத்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

அரைமணி நேரம் கழித்து எல்லோரும் சாராயக்கடை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். டினார்ட்டேக்கு முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. அவரும் ஷூர்ட்டும் தோளோடு தோள் ஒட்டி, எலுமிச்சையும் தேனும் கலந்த சாராயத்தை இரண்டாவது சுற்று குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் பாதிதான் புரிந்தது. நான் உள்ளே போய் ஷூர்ட்டை இழுத்து வந்தது, வண்டியில் போர்வைக்குள் கிடந்த டினார்ட்டேக்கு இன்னும் தெரியாது. ஹென்னி வாசலில் தனியாக நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அவர் மெதுவாத்தான் நடப்பார்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏம்மா?"

"உன் வீட்டுக்காரர் என் கண்ணு முன்னாடி செத்துட்டு இருந்தார். யாருன்னே தெரியாத என் புருஷனுக்காக. நான் அதைப் பார்த்துட்டு எப்படி நிக்கிறது?" உள்ளே திரும்பி அடுப்புப் பக்கம் பார்த்தாள். "நிஜத்தைச் சொன்னா அவர் விட்டிருக்கமாட்டார்."

"விட்டிருக்கமாட்டார்."

"ஷூர்ட்டுக்குத் தெரிய வேண்டாம். நான்தான் விடச் சொன்னேன்னு."

சரி என்றேன். சொல்லப்போனால் நானும் அவளுக்குச் சளைத்தவள் இல்லை. காலையில் மலைமுகட்டில் நிறுத்தியபோது, ஐம்பது அடி நடந்து போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்ப அந்த மனிதருக்கு இருபது நிமிடம் ஆயிற்று. நான் ஹாரன் அடித்துக் கூப்பிட்டேன். தினமும் ஓடுகிற மனுஷன் என்று ஹென்னி சொன்னபோது அது எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆள் வெளியே வரட்டும் என்று இருந்துவிட்டேன். இதை அவளிடம் சொன்னேன்.

"தெரியும். நான் அப்படிச் சொன்னப்போ நீ என்னைப் பார்த்தே" என்றாள்.

உள்ளேயிருந்து டினார்ட்டே கோப்பையைத் தூக்கிக் காட்டினார். "சுல்மி, பார்த்தியா? நான் இருபது நிமிஷம்னா இருபது நிமிஷம்தான். அந்தம்மா கணக்கும் அச்சாச் சரியா இருந்துச்சு!"

"ஆமாய்யா, சரியா இருந்துச்சு. குடி" என்றேன். ஹென்னிக்கும் ஒரு கோப்பை வாங்கி வந்தேன், அவளால் அதைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன், அவள் குடித்தாள்.